ஒரே புரைப் படத்துக்கு இரண்டு மருத்துவர்கள் இரண்டு கிரேடு போடுகிறார்கள், எதை எடுத்துக்கொள்வது?

கோவை_பயோமெட்:

வணக்கம். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறேன். ஸ்லிட் லேம்ப் (மெல்லிய ஒளிக்கீற்றை விட்டுக் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) படத்தைக் கொடுத்தால் கண்புரை எந்த அளவில் இருக்கிறது என்று சொல்லும் மென்பொருள், இதுதான் எங்கள் குழுவின் ப்ராஜெக்ட். ஒரு கண் மருத்துவமனையில் சில நூறு படங்கள் தந்திருக்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு மருத்துவர்கள், ஒருவர் போட்டதை இன்னொருவர் பார்க்காமல், கிரேடு போட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே அந்தக் கண்ணின் பார்வை அளவும் இருக்கிறது. டேட்டா கிடைத்த சந்தோஷம் ரொம்ப நேரம் நிலைக்கவில்லை.

முதல் தலைவலி, இரண்டு பேரும் நிறைய இடத்தில் ஒத்துப்போவதில்லை. ஒருவர் என்எஸ் (லென்ஸின் நடுப்பகுதிப் புரைக்கான கிரேடு) 2+ என்கிறார், அதே படத்துக்கு மற்றவர் 3 என்கிறார். இரண்டாவது தலைவலி இதைவிடப் பெரியது. கிரேடு கூடக் கூடப் பார்வை குறைய வேண்டும் என்றுதானே நினைப்போம்? இங்கே 1+ போட்ட கண்ணுக்கு 6/24, 3 போட்ட கண்ணுக்கு 6/9 (இரண்டாவது எண் கூடினால் பார்வை குறைவு). கிராஃப் போட்டுப் பார்த்தால் புள்ளிகள் பாட்டுக்கு எல்லாப் பக்கமும் இறைந்து கிடக்கின்றன.

"இரண்டு கிரேடுக்கும் சராசரி எடு, மாடலை ஓட்டு, ரிவ்யூ வருது" என்கிறார் கைடு. அவர் சொல்வது போலச் செய்துவிடலாம்தான், ஆனால் வைவாவில் யாராவது "உங்கள் மாடல் எதைக் கணிக்கிறது?" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

உண்மையான கிரேடு என்று ஒன்று இருக்கிறதா? மனிதர் கண்ணை நம்பாமல் நேராக ஒரு எண் தரும் கருவி ஏதாவது உண்டா? ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதை இந்தக் கிரேடுதான் முடிவு செய்கிறதா? கண் துறையில் இருக்கும் அண்ணன், அக்கா யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

ஒளிக்கீற்று:

ஆப்டோமெட்ரிஸ்ட். தினமும் ஸ்லிட் லேம்ப் முன்னால்தான் வேலை. உங்கள் இரண்டாவது தலைவலியிலிருந்தே வருகிறேன், எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

முதலில், உங்கள் கையில் என்ன படம் இருக்கிறது என்று பாருங்கள். மெல்லிய ஒளிக்கீற்றைச் சாய்வாக உள்ளே விட்டு, லென்ஸைக் குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரி எடுத்த படம் மட்டும்தானே? அதில் நன்றாகத் தெரிவது லென்ஸின் நடுக்கரு. என்எஸ் என்று போட்டிருப்பதும் அதைப் பற்றித்தான். வயதாவதால் வரும் புரையில் மூன்று வகை சாதாரணமாகப் பார்ப்போம். நடுக்கரு மங்கி மஞ்சளாகிப் பழுப்பாவது ஒன்று. ஓரத்திலிருந்து சக்கரத்து ஆரம் போல் வெள்ளைக் கோடுகள் உள்நோக்கி வரும் கார்டிகல் புரை இன்னொன்று. மூன்றாவது, லென்ஸின் பின்பக்க உறைக்கு ஒட்டினாற்போல் நடுவில் படரும் போஸ்டீரியர் சப்கேப்சுலர், நாங்கள் பிஎஸ்சி என்றே சொல்வோம். இந்தப் பின்னிரண்டையும் சரியாகப் பார்க்க ஒளியை நேராகப் பாவை (கண்ணின் நடுத் துளை) வழியாக உள்ளே விட்டு, விழித்திரையில் பட்டுத் திரும்பும் சிவப்பு வெளிச்சத்தில் அவை நிழலாக விழுவதைப் பார்க்க வேண்டும். ரெட்ரோ என்போம். அந்தப் படம் இல்லாமல் ஒரு கண்ணில் புரை எவ்வளவு என்று சொல்லவே முடியாது.

உங்கள் 1+ போட்ட 6/24 கண்களில் கொஞ்சம் பிஎஸ்சியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அது அளவில் சின்னதாக இருந்தாலும் பார்வைப் பாதையின் நட்டநடுவில் உட்கார்ந்துகொள்ளும். வெயிலில் பாவை சுருங்கினால் ஒளி போக மிச்சமிருக்கும் வழி அந்தப் புரை வழிதான். கிட்டத்தில் படிக்கும்போதும் பாவை சுருங்கும், அதனால் எழுத்துப் படிக்கச் சிரமப்படுவார்கள். சாயங்காலம் வெளிச்சம் குறைந்ததும் "இப்போ பரவாயில்லை" என்பார்கள். சர்க்கரை நோய்க்காரர்கள், ஸ்டீராய்டு ரொம்ப நாள் எடுத்தவர்கள் இவர்களிடம் இந்த வகையை அதிகம் பார்க்கலாம், அதுவும் ஐம்பது வயதுக்குள்ளேயே.

அப்புறம், அந்தப் பார்வை அளவு கண்ணாடியோடு எடுத்ததா, இல்லாமல் எடுத்ததா? இதைக் கேட்காமல் கிராஃப் போடாதீர்கள். நடுக்கரு புரை முற்றும்போது லென்ஸின் ஒளிவிலகல் கூடும், அதனால் கிட்டப்பார்வை பக்கம் பவர் நகரும். அறுபது வயதுக்கு மேல் ஒருவர் "டாக்டர், கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன், கண்ணு தெளிஞ்சிடுச்சு" என்று சந்தோஷமாக வந்தால் நாங்கள் புரையைத்தான் முதலில் தேடுவோம். அப்படிப்பட்டவருக்கு வெறும் கண்ணால் 6/24 இருக்கும், மைனஸ் பவர் சரியாகக் கொடுத்தால் 6/9க்கு வந்துவிடுவார். உங்கள் பட்டியலில் இரண்டும் கலந்திருந்தால் எந்த மாடலும் உருப்படாது.

இன்னொன்று, புரை இருக்கும் கண்ணில் புரை மட்டும்தான் இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன? மாக்குலாவில் (விழித்திரையின் நடுப்பகுதி) பிரச்சினை, சர்க்கரையால் வந்த விழித்திரைப் பாதிப்பு, கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) எல்லாம் அதே வயதில்தான் வருகின்றன. டார்ச் அடித்து இரண்டு பாவைகளும் எப்படிச் சுருங்குகின்றன என்று ஒப்பிடுவதை நாங்கள் ஒருபோதும் விடமாட்டோம், அதுவும் பாவையை விரிக்கச் சொட்டு விடுவதற்கு முன்னாலேயே. புரை எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் அந்தக் கண்ணின் பாவை வெளிச்சத்துக்குச் சுருங்க வேண்டும். மந்தமாக இருந்தால் பார்வை நரம்பிலோ விழித்திரையிலோ கோளாறு, அதைப் புரையின் தலையில் கட்டக் கூடாது. உங்கள் டேட்டாவில் இந்த விவரம் இருந்தால் அப்படிப்பட்ட கண்களைத் தனியாக எடுத்துவிடுங்கள்.

பிஜி_ரூம்:

கண் மருத்துவத்தில் பிஜி. அக்கா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். நான் முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

என்எஸ் 1+, 2+ என்பது நாங்கள் ஓபியில் அவசரத்தில் எழுதுவது. அதற்கு ஒப்பிட்டுப் பார்க்கப் படம் கிடையாது. ஒவ்வொருவரும் எந்த யூனிட்டில் பயின்றாரோ அந்த யூனிட்டின் பழக்கம்தான் அளவுகோல். தினமும் முற்றிய புரையாகப் பார்க்கும் இடத்தில் 2+ என்பதை, இளவயது நோயாளிகள் அதிகம் வரும் கிளினிக்கில் 3 என்று எழுதுவார்கள். யார் மேலும் தப்பில்லை.

ஆராய்ச்சிக்கென்று இருப்பது லாக்ஸ் 3, 1993ல் வந்தது. தரப்படுத்திய படங்களை ஸ்லிட் லேம்புக்குப் பக்கத்தில் வெளிச்சப் பெட்டியில் மாட்டி வைத்துக்கொண்டு, நோயாளியின் லென்ஸையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துப் போடுவது. நடுக்கருவின் மங்கல் தனி, நிறம் தனி, கார்டிகல் தனி, பிஎஸ்சி தனி, ஆக ஒரு கண்ணுக்கு நான்கு எண்கள். முதல் இரண்டும் 0.1லிருந்து 6.9 வரை, கடைசி இரண்டும் 0.1லிருந்து 5.9 வரை. தசமம் எதற்கு என்று நானும் ஆரம்பத்தில் கிண்டல் செய்திருக்கிறேன். இரண்டாம் படத்துக்கும் மூன்றாம் படத்துக்கும் நடுவில் இருப்பதை 2.4 என்று எழுத இடம் கொடுத்தால்தான் அடுத்த வருஷம் அது 2.9 ஆனதைக் கண்டுபிடிக்க முடியும். முழு எண்ணாக மட்டும் போட்டால் வருஷக்கணக்கில் அது "2" என்றே நிற்கும், அப்புறம் திடீரென்று ஒரு நாள் "3" ஆகும்.

முக்கியமான எச்சரிக்கை: லாக்ஸ் மங்கல் 4ம், ஓபி சீட்டில் எழுதும் என்எஸ் 4ம் ஒன்றல்ல. ஓபி கணக்கில் 4 என்றால் கிட்டத்தட்ட உச்சம், லாக்ஸில் அதற்கு மேலும் நிறைய இடம் இருக்கிறது. உங்களுக்குக் கொடுத்த இரண்டு பேரில் ஒருவர் ஒரு கணக்கிலும் மற்றவர் இன்னொரு கணக்கிலும் போட்டிருந்தால் சராசரிக்கு அர்த்தமே இல்லை. போய்க் கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஒரே அளவுகோல்தான் என்று உறுதியானால், கருத்து வேறுபாட்டை ஒளிக்காமல் அளந்து காட்டுங்கள். ஒன்று தள்ளிப் போனால் கொஞ்சம் அபராதம், மூன்று தள்ளிப் போனால் நிறைய அபராதம் என்று கணக்கிடும் வெயிட்டட் கப்பா என்ற ஒற்றுமை எண்ணைப் போடுங்கள். வேறுபாடு பெரிதாக இருக்கும் படங்களை மூன்றாவது ஒருவரிடம் கொடுத்து முடிவு வாங்குவது வழக்கம். இரண்டு அனுபவசாலிகளே அரை கிரேடு மாறுபடும் இடத்தில் உங்கள் மாடல் அரை கிரேடு தவறினால் அதைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். அவர்கள் இருவருக்கும் இடையில் இல்லாத ஒற்றுமையை மாடல் காட்டினால்தான் சந்தேகப்படுவேன்.

வெள்ளைப் புரைப் படங்களைத் தனியாக வையுங்கள். மேல் கார்டெக்ஸ் (நடுக்கருவைச் சுற்றியுள்ள வெளிப்பகுதி) முழுக்க வெளுத்துப்போனால் ஒளிக்கீற்று நடுக்கரு வரை போகவே போகாது, பார்க்க முடியாததற்கு எப்படிக் கிரேடு போடுவது? அதை "5" என்று எழுதியிருந்தால் அது கிரேடு இல்லை, பெருமூச்சு. அப்படிப்பட்ட கண்ணில் பின்னால் விழித்திரை ஒட்டியிருக்கிறதா என்பதையே பி-ஸ்கேன் அல்ட்ராசவுண்ட் வைத்துத்தான் பார்ப்போம்.

ஆபரேஷன் செய்பவருக்குக் கிரேடு வேறு விதத்தில் வேண்டும். நடுக்கரு எவ்வளவு பழுப்போ, அவ்வளவு கடினம் என்று பொதுவாக எடுத்துக்கொள்வோம். ஃபேக்கோ என்ற ஆபரேஷனில் அதை உடைக்க அதிக அல்ட்ராசவுண்ட் சக்தி போகும், அதிகச் சக்தி போனால் கருவிழியின் (கார்னியா) உள்வரிசைச் செல்களுக்குக் கெடுதல். ரொம்பப் பழுப்பாக இருந்தால் சிறுவெட்டு வழியாகக் கருவை முழுசாக வெளியே எடுக்கும் எஸ்ஐசிஎஸ் நல்லது என்று முடிவு செய்பவர்கள் நிறைய. ஆகவே எங்களுக்கு நிறத்தின் எண் தேவை. பார்வை எவ்வளவு பாதித்திருக்கிறது என்பதற்கு அந்த எண்ணை யாரும் பார்ப்பதில்லை.

கோவை_பயோமெட்:

ரொம்ப நன்றி அக்கா, டாக்டர். என்னிடம் இருப்பவை எல்லாம் கீற்றுப் படங்கள்தான், ரெட்ரோ இல்லை. பார்வை அளவு சிலருக்குக் கண்ணாடியோடு, சிலருக்கு முகாமில் எடுத்த வெறும் கண் அளவு என்று இப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு மருத்துவர்களும் 1 முதல் 4 வரைதான் போட்டிருக்கிறார்கள், ஒப்பிடும் படம் இல்லாமல்.

ஒரு சந்தேகம். படத்தில் நன்றாக வெளுத்துத் தெரியும் லென்ஸ் வழியாக 6/9 எப்படிப் பார்க்க முடிகிறது? அந்தக் கண்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், இரண்டு மருத்துவர்களுமே 3 போட்டிருக்கிறார்கள், பார்வையும் கண்ணாடியோடு எடுத்ததுதான்.

சிதறல்:

இயற்பியல் பக்கம் இருக்கிறேன், ஒளிச்சிதறல்தான் வேலை. இந்தக் கேள்விக்காகவே கணக்குத் தொடங்கினேன்.

லென்ஸில் விழும் ஒளியில் ஒரு பகுதி பின்னால் சிதறும், அதாவது வந்த பக்கமே திரும்பும். இன்னொரு பகுதி முன்னால் சிதறி விழித்திரை பக்கம் போகும். ஸ்லிட் லேம்பில் மருத்துவரும் கேமராவும் பார்ப்பது பின்னால் வந்ததை. நோயாளியைப் படுத்துவது முன்னால் போனது. இரண்டும் ஒரே லென்ஸில் நடந்தாலும் ஒரே அளவில் நடக்க வேண்டும் என்று இல்லை. எந்த அளவுள்ள துகள் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து விகிதம் மாறும். ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகச் சிதறடிக்கும், பெரியவை பெரும்பாலும் முன்னோக்கியே தள்ளும். அதனால் டாக்டருக்கு வெளேரென்று தெரியும் லென்ஸ் வழியே ஒருவர் ஓரளவு நன்றாகப் பார்ப்பதும், டாக்டருக்குத் தெளிவாகத் தெரியும் லென்ஸோடு ஒருவர் "எதிரே வண்டி லைட் வந்தால் ஒன்றுமே தெரியவில்லை" என்று புலம்புவதும் இரண்டுமே நடக்கும்.

லென்ஸ் தெளிவாக இருப்பதே ஒரு விந்தைதான். அதன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு புரதம், கிரிஸ்டலின் என்று பெயர். ஒவ்வொரு புரதமும் தனித்தனியாக ஒளியைச் சிதறடித்தால் இவ்வளவு செறிவில் அது பால் மாதிரி இருக்க வேண்டும். கிரிஸ்டலின்கள் நெருக்கமாக, கிட்டத்தட்ட ஒழுங்காக அடுக்கியிருப்பதால் சிதறிய அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன என்று 1971ல் அமெரிக்க இயற்பியலாளர் ஜார்ஜ் பெனடெக் விளக்கினார். வயதாகும்போது புரதங்கள் கட்டியாகச் சேர்ந்தால் அந்த ஒழுங்கு கெடும், ஒளி சிதறும். கெட்டதை மாற்றிப் புதுசு வைக்கவும் வழியில்லை, நடுக்கருவின் செல்களில் உட்கருவே கிடையாது. 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 அளவை வைத்து மனித லென்ஸின் வயதைக் கணித்து 2008ல் டென்மார்க்கில் ஓர் ஆய்வு வந்தது. நடுவிலுள்ள கிரிஸ்டலின் நாம் பிறந்த காலத்ததே, பிறகு மாறுவதில்லை என்று காட்டினார்கள். அறுபது வயதுக்காரர் லென்ஸின் நடுப்புரதத்துக்கும் அறுபது வயதுதான்.

கருவி கேட்டிருந்தீர்கள். ஷைம்ஃப்ளக் முறையில் படம் எடுக்கும் பென்டகாம் இருக்கிறது. (ஷைம்ஃப்ளக் ஆஸ்திரிய ராணுவ அதிகாரி, பலூனிலிருந்து எடுத்த படங்களை வரைபடமாக்கச் சாய்வைச் சரிசெய்யும் வழி தேடிக்கொண்டிருந்தவர், அது பல பத்தாண்டுகள் கழித்துக் கண்ணுக்குள் வந்து சேர்ந்தது.) லென்ஸின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரே படத்தில் ஃபோகஸில் கிடைக்கும், அடர்த்தியை 0 முதல் 100 வரை எண்ணாகச் சொல்லும். அளப்பவர் மாறினாலும் எண் மாறாது. ஆனால் அதுவும் பின்சிதறல்தான். முன்னால் புரை அடர்த்தியாக இருந்தால் பின்னால் ஒளி போய்ச் சேராது, அங்கே குறைவாகக் காட்டும், பிஎஸ்சிக்கு நம்ப முடியாது.

நோயாளியின் பக்கத்திலிருந்து அளப்பவை இரண்டு தெரியும். டபுள் பாஸ் என்பதில் ஓர் அகச்சிவப்பு லேசர் புள்ளியை விழித்திரையில் விழவைத்து, திரும்பி வரும் பிம்பம் எவ்வளவு பரந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். ஓஎஸ்ஐ என்று ஓர் எண் வரும், நடு உச்சியில் எவ்வளவு ஒளி, அதைச் சுற்றிய வளையத்தில் எவ்வளவு என்ற விகிதம். அகச்சிவப்பு என்பதால் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் நடக்கும் சிதறலுக்கு அப்படியே சமம் என்று எடுக்க வேண்டாம். மற்றது சி-குவாண்ட். மினுக்கும் வளையம் ஒன்றைக் காட்டி, நடு வட்டத்தின் எந்தப் பாதி அதிகம் மினுக்குகிறது என்று நோயாளியையே பட்டன் அமுக்கச் சொல்லிச் சிதறலைக் கணக்கிடுவது. எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் விழித்திரையில் விழுந்த சிதறலை அதன் சொந்தக்காரர்தான் சொல்கிறார்.

ஒளிக்கீற்று:

சிதறல் சொன்னதற்கு ஒட்டு. இவ்வளவு விலையுள்ள கருவி இல்லாத இடத்தில் பெல்லி-ராப்சன் சார்ட் ஒன்றைச் சுவரில் மாட்டலாம். எழுத்தின் அளவு மாறாது, மூன்று மூன்று எழுத்தாக நிறம் மட்டும் வெளுத்துக்கொண்டே போகும். இருட்டறையில் கறுப்பு எழுத்தை 6/9 வரை படித்துவிட்டு, இந்தச் சார்ட்டில் பாதியிலேயே நின்றுவிடுபவர்கள் உண்டு. அவர்கள்தான் வீட்டில் மங்கலான மாடிப்படியில் கடைசிப் படி தெரியாமல் தடுமாறுபவர்கள். வெளிச்சத்தைப் பக்கத்தில் அடித்துக்கொண்டே மறுபடி படிக்கச் சொன்னால் இன்னும் இரண்டு வரி குறையும்.

கேள்விகளும் கேட்க வேண்டும். ராத்திரி வண்டி ஓட்டுகிறீர்களா, தையல் வேலையா, பஸ் நம்பர் தெரிகிறதா. 6/12 இருக்கும் டிரைவருக்கு ஆபரேஷன் இன்றே தேவைப்படலாம், அதே 6/12 இருக்கும் எண்பது வயதுப் பாட்டி "எனக்கு என் வேலை நடக்குது, கத்தி வேண்டாம்" என்றால் ஆறு மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்புவோம்.

சேலத்துக்காரி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் மருத்துவத் துறை இல்லை. என் அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை. "நல்லா பழுக்கட்டும், அப்புறம் எடுத்தா சுலபமா வந்துடும்" என்று சொந்தத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். சொட்டு மருந்தில் கரையும் என்று ஒரு வீடியோவும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இங்கே பேசுவதைப் பார்த்தால் பழுப்பதை வைத்துக் கணக்கே இல்லை போலிருக்கிறதே?

பிஜி_ரூம்:

பழுக்கக் காத்திருந்த காலம் உண்மையில் இருந்தது, உங்கள் சொந்தக்காரர்கள் கற்பனையாகச் சொல்லவில்லை. பழைய முறையில் லென்ஸை உறையோடு முழுசாக வெளியே இழுத்தார்கள், செயற்கை லென்ஸும் வைக்கவில்லை. தடிமனான கண்ணாடி போட்டுக்கொண்டு திரிய வேண்டியிருந்தது, ஓரளவு பார்வை மிச்சமிருப்பவரை அந்த நிலைக்குக் கொண்டுபோவதில் லாபம் இல்லை. லண்டனில் ஹெரால்ட் ரிட்லி 1949ல் முதல் செயற்கை லென்ஸை வைத்தார், ஆனால் அது எல்லாருக்கும் போய்ச் சேரப் பல பத்தாண்டுகள் பிடித்தது. ரொம்ப விலையாக இருந்த லென்ஸைக் குறைந்த விலைக்குச் செய்ய மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை ஆரம்பித்த ஆரோலேப் 1992ல்தான் வந்தது.

இப்போது காத்திருந்தால் கெடுதல்தான். கரு கல்லாகிப்போகும், ஆபரேஷன் கடினமாகும். லென்ஸ் ஊதிப்போய்க் கண் அழுத்தம் ஏறலாம், உறையிலிருந்து புரதம் கசிந்தும் அழுத்தம் ஏறலாம். அப்போது திடீர் வலி, சிவப்பு, வாந்தி என்று வந்து நிற்பார்கள். அந்தக் கட்டத்தில் புரையை எடுத்தாலும் நரம்பு பாதித்திருந்தால் பார்வை திரும்பாது.

சொட்டு மருந்தில் புரை கரையும் என்று மனிதரில் எதுவும் நிரூபணமாகவில்லை. 2015ல் லேனோஸ்டெரால் என்ற பொருள் நாய்களுக்குப் புரையைக் குறைத்தது என்று பெரிய செய்தி வந்தது, வீடியோக்காரர்கள் பிடித்துக்கொண்டது அதைத்தான். காசை வீணாக்க வேண்டாம். அம்மாவை அழைத்துப் போங்கள், சர்க்கரை மருந்துச் சீட்டு, பழைய கண்ணாடி எல்லாம் கையில் இருக்கட்டும். சின்ன வயதிலிருந்தே அந்தக் கண் மங்கலா என்று கேட்டு வையுங்கள். பிறவியிலிருந்தே பின் உறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் போஸ்டீரியர் போலார் என்று ஒரு வகை உண்டு, பார்க்கச் சின்னப் பொட்டு, ஆனால் அந்த இடத்தில் உறை பலவீனமாக இருக்கும், முன்கூட்டியே தெரிந்தால் சர்ஜன் வேறு மாதிரி செய்வார்.

சேலத்துக்காரி:

நன்றி டாக்டர். சர்க்கரை இருக்கிறது. இந்த வாரமே கூட்டிப்போகிறேன்.

கிராமக்கணக்கு:

கண் ஆய்வுகளில் களப்பணி செய்தவன். கோவைத் தம்பிக்கு ஒரு விஷயம், கிரேடு எவ்வளவு நுட்பமாக வேண்டும் என்பதை உங்கள் கேள்விதான் முடிவு செய்யும்.

ஊர் ஊராகப் போய் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களைப் பார்க்கும் ராப் என்ற வேகக் கணக்கெடுப்பில் தசமமும் இல்லை, ஒப்பிடும் படமும் இல்லை. பார்வை எவ்வளவு, பின்ஹோல் (சின்னத் துளை) வைத்துப் பார்த்தால் கூடுகிறதா, டார்ச்சோ ஆப்தால்மாஸ்கோப்போ வைத்துப் பார்த்தால் லென்ஸ் தெளிவா, மங்கலா, எடுத்தாகிவிட்டதா, செயற்கை லென்ஸ் இருக்கிறதா, அவ்வளவுதான். எத்தனை பேருக்கு ஆபரேஷன் வசதி தேவை என்று திட்டமிட அது போதும். 2015 முதல் 2019 வரை இந்தியாவில் இந்த முறையில் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் ஐம்பதைத் தாண்டியவர்களின் பார்வையின்மையில் 66.2 சதவீதம் புரையால் என்று வந்தது. கரடுமுரடான அளவுகோல்தான், நம்பகமான விடை கிடைத்தது.

இதற்கு நேரெதிர் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் நடந்த வைட்டமின் ஆய்வு. 35 முதல் 50 வயது வரை 798 பேர், பாதிப் பேருக்கு பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, இ, மீதிப் பேருக்குப் போலி மாத்திரை, ஐந்து வருஷம். வருஷா வருஷம் லாக்ஸ் 3 வைத்து நடுக்கரு மங்கல் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தார்கள். வித்தியாசம் இல்லை என்று 2006ல் வெளிவந்தது. புரை மெதுவாகத்தான் வளரும், ஐந்து வருஷ நகர்வே பெரும்பாலும் ஒரு கிரேடுக்கு உள்ளே. தசமம் இல்லாமல் இந்த ஆய்வைச் செய்திருந்தால் "வித்தியாசம் இல்லை" என்ற முடிவை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள், அளவுகோல் மொண்ணை என்று சொல்லியிருப்பார்கள்.

கணக்கெடுப்பில் எப்போதும் ஒரு பொறி இருக்கும். ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு லென்ஸ் இல்லை, கிரேடு போட முடியாது. அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் முகாம் நன்றாக நடந்த ஊரில் புரையே குறைவு என்று காட்டும். மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் அரவிந்த் எடுத்த பெரிய ஆய்வு போன்றவற்றைப் படிக்கும்போது, ஆபரேஷன் ஆன கண்களை எந்தக் கட்டத்தில் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் சதவீதத்துக்கு வருவேன். உங்கள் படங்களும் ஆபரேஷனுக்கு வந்தவர்களுடையது என்றால் லேசான புரை குறைவாகவும் முற்றியது அதிகமாகவும் இருக்கும், அதை அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

கோவை_பயோமெட்:

அனைவருக்கும் நன்றி. கைடிடம் பேசினேன். "பார்வையைக் கணிக்கும் மாடல்" என்ற தலைப்பை விட்டுவிட்டு "கீற்றுப் படத்தில் நடுக்கரு மங்கலை மருத்துவர் எப்படித் தரம் பிரிப்பாரோ அப்படிப் பிரிக்கும் மாடல்" என்று வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். வெள்ளைப் புரையைத் தனி வகையாகப் பிரிக்கிறேன். இரண்டு மருத்துவர்களில் ஒருவர் லாக்ஸ் படங்களை வைத்து மறுபடி போட்டுத்தர ஒத்துக்கொண்டிருக்கிறார். மாதிரிக்கு ஒரு படம் இணைத்திருக்கிறேன், தரம் போதுமா பாருங்கள்.

பிஜி_ரூம்:

படம் ஃபோகஸில் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கேமரா தானே எக்ஸ்போஷரை மாற்றிக்கொள்ளும் முறையில் எடுத்த மாதிரி தெரிகிறது. கருவிழியின் கீற்றும் வெளுத்துப்போயிருக்கிறது பாருங்கள். அப்படியானால் லேசான புரையுள்ள லென்ஸும் வெளிச்சமாகத் தெரியும், மங்கலுக்கு எண் போடுவதே ஏமாற்று ஆகிவிடும். ஒயிட் பேலன்ஸ் பூட்டாமல் எடுத்திருந்தால் நிறக் கிரேடும் போச்சு. எல்லாப் படமும் ஒரே கேமரா, ஒரே அமைப்பு, ஒரே கீற்று அகலமா என்று கேளுங்கள். ஒரே நோயாளியின் வலது கண் பயிற்சிப் பக்கமும் இடது கண் சோதனைப் பக்கமும் போய்விடாமல் ஆள் வாரியாகப் பிரியுங்கள், இரண்டு கண்ணும் ஒன்று போலத்தான் இருக்கும், மாடல் சுலபமாக மார்க் வாங்கிவிடும்.

சிதறல்:

அந்தப் படத்தின் கீழ் மூலையில் எம்ஆர்டி நம்பரும் (நோயாளியின் மருத்துவமனைப் பதிவு எண்) தேதியும் பொடி எழுத்தில் இருக்கின்றன. அடையாளம் நீக்கியதாகச் சொல்லிக் கொடுத்தார்களா? உடனே இங்கிருந்து எடுத்துவிடுங்கள், மருத்துவமனைக்கும் சொல்லுங்கள். எல்லாப் படத்திலும் அந்த மூலையை வெட்டிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஆபரேஷன் வார்டில் எடுத்தவற்றுக்கு ஒரு வரிசை நம்பரும் ஓபியில் எடுத்தவற்றுக்கு வேறு வரிசையும் இருந்தால் உங்கள் மாடல் இவ்வளவு நேரம் லென்ஸைப் பார்க்காமல் நம்பரைப் படித்துக்கொண்டிருந்திருக்கும்.

கோவை_பயோமெட்:

எடுத்துவிட்டேன். மூலையை வெட்டி ஓட்ட விட்டிருக்கிறேன், ராத்திரிக்குள் முடியும், என்ன வந்தது என்று இதே இழையில் போடுகிறேன்.